விஜய் ஐயரோட 'அன்ஈஸி': பியானோவ மட்டும் கேட்டா பாதிதான் கிடைக்கும்

"விஜய் ஐயரோட அன்ஈஸி ஆல்பம் கேட்டேன், பேரப் பாத்துட்டு கர்நாடக சங்கீதம் கலந்திருக்கும்னு நெனச்சேன், அப்படி ஒண்ணும் தெரியல, ஆனா சவுண்டு அபாரமா இருக்கு, இத எப்படி ரெக்கார்ட் பண்ணியிருப்பாங்க, எனக்கு ஜாஸ் அவ்வளவா தெரியாது, எதப் புடிச்சுக்கிட்டு கேக்கறது?" இதுதானே உங்க கேள்வி. ஒரே மூச்சுல மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, நானும் வரிசையா பதில் சொல்லப் போறதில்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துதான் வரும், பொறுத்துக்கோங்க.

பேர் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம். ஜாஸ் பியானிஸ்ட் விஜய் ஐயர் 1971ல நியூயார்க் மாநிலத்துல ஆல்பனிங்கற ஊர்ல பொறந்தவர், அங்க போய் குடியேறின தமிழ்க் குடும்பம், வளந்தது ராச்செஸ்டர் பக்கத்துல ஃபேர்போர்ட்ல. மூணு வயசுல கைல வயலினக் குடுத்துட்டாங்க, வெஸ்டர்ன் கிளாசிக்கல் முறைல 15 வருஷம் கத்துக்கிட்டார். பியானோ மட்டும் யாரும் உக்கார வெச்சு சொல்லித் தரல, காதால கேட்டு தானா புடிச்சது. யேல்ல கணக்கும் ஃபிசிக்ஸும் படிச்சார், அப்புறம் ஃபிசிக்ஸ் டாக்டரேட் பண்ணலாம்னு பெர்க்லிக்குப் போனவர் அத பாதில விட்டுட்டு, இசைய உடம்பு எப்படி வாங்கிக்குதுங்கறத ஆராய்ச்சியா எடுத்து 1998ல டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த காலத்துலயே ஸ்டீவ் கோல்மன், ஜார்ஜ் லூயிஸ் மாதிரி பெரிய ஜாஸ் ஆளுங்க அவரக் கூட சேத்துக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஸோ அவரோட இசைக்கு தாய்வீடு கறுப்பின அமெரிக்கர்களோட இசை மரபுதான், அவரே அத எப்பவும் அழுத்திச் சொல்றவர். நம்ம பேரா இருக்கேன்னு ராகத்தத் தேடிட்டு உக்காந்தா ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இல்ல எனக்கு நம்ம ஊர் வாசனை கொஞ்சமாவது வேணும்னா 2011ல வந்த 'தீர்த்தா' ஆல்பத்தக் கேளுங்க, அதுல கிட்டார் நம்ம பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. 2009ல வந்த 'ஹிஸ்டாரிசிடி'ல வேற ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கு, ஈழத்து வேர் உள்ள பாடகி எம்.ஐ.ஏ.வோட 'கலாங்' பாட்ட எடுத்து பியானோ, பேஸ், டிரம்ஸ் மூணே வாத்தியத்துல கலகம் பண்ணியிருப்பாங்க. அது கேக்கவே செம ஜாலியா இருக்கும். அன்ஈஸி அந்த மாதிரி ஜாலியான ஆல்பம் இல்ல, அது வேற மனநிலை.

இப்ப விஷயத்துக்கு வரேன். அன்ஈஸிய ஒரு பியானிஸ்ட்டோட ஆல்பமா நெனச்சு கேட்டா பாதிதான் கைக்கு வரும். கச்சேரில பாடறவர் நடுவுல உக்காந்திருப்பார், வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம், தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் மிருதங்கத்துக்கு மேடைய விட்டுக் குடுப்பாங்க, அந்தப் பழக்கத்துல நாம ஜாஸ் ட்ரியோ, அதாவது மூணு பேர் செட், கேக்கும்போதும் பியானோவ பாடகர் இடத்துல வெச்சிடறோம், பேஸும் டிரம்ஸும் பின்னாடி போயிடுது. இந்த ஆல்பத்துல அப்படி யாரும் நடுவுல உக்காரல. பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நிக்கற டபுள் பேஸ், லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி. அட்டைலயே மூணு பேர் பேரும் சேந்துதான் இருக்கு. ரெக்கார்டிங், மிக்ஸ் (எடுத்த சத்தங்கள அளவு பாத்து சேக்கறது), பாட்டு எழுதின விதம், எல்லாமே இந்த சமத்துவத்துக்காக செஞ்ச மாதிரிதான் எனக்குப் படுது. நீங்க "சவுண்டு அபாரம்"னு சொன்னீங்களே, அதுக்கும் இதுதான் காரணம்னு நெனைக்கறேன்.

லிண்டா மலேசியால பொறந்து ஆஸ்திரேலியால பெர்த்ல வளந்தவங்க, 2006ல நியூயார்க் வந்து படிச்சாங்க, கிட்டார்காரர் பாட் மெத்தினியோட பேண்ட்ல எல்லாம் வாசிச்சிருக்காங்க. சோரி நியூ ஜெர்சில நூவர்க் ஊர்க்காரர், 1980ல பொறந்தவர், டிரம்ஸ் மட்டுமில்லாம டிராம்போனும் பியானோவும் வாசிப்பார், அதுக்கும் மேல பெரிய கம்போஸர், 2024ல இசைக்கான புலிட்சர் பரிசு அவருக்குத்தான் குடுத்தாங்க. ஜீனியஸ் கிராண்ட்னு செல்லமா சொல்ற மெக்ஆர்தர் விருத ஐயர் 2013லயும் சோரி 2017லயும் வாங்கியிருக்காங்க. ஐயரும் சோரியும் ரொம்ப வருஷத்துப் பழக்கம், ஸ்டீவ் லேமன்ங்கற சாக்ஸஃபோன்காரரோட சேந்து 'ஃபீல்ட்வொர்க்'னு ஒரு ட்ரியோ வெச்சிருந்தாங்க, 2017ல வந்த ஐயரோட செக்ஸ்டெட் (ஆறு பேர் செட்) ஆல்பம் 'ஃபார் ஃப்ரம் ஓவர்'லயும் டிரம்ஸ் சோரிதான். லிண்டா இந்தக் கூட்டத்துக்குள்ள வந்ததுக்கு கனடால பான்ஃப்ல நடக்கற ஜாஸ் பயிலரங்கமும் ஒரு காரணம், 2013லேர்ந்து பல வருஷம் ஐயர் அதோட இயக்குநரா இருந்தார், மத்த ரெண்டு பேரும் அங்க சொல்லிக் குடுக்க வந்தவங்க.

இதுக்கு முன்னாடி ஐயருக்கு வேற ட்ரியோ இருந்துச்சு, பேஸ்ல ஸ்டீஃபன் க்ரம்ப், டிரம்ஸ்ல மார்கஸ் கில்மோர். பல வருஷம் ஒண்ணா வாசிச்ச செட், ஹிஸ்டாரிசிடி, 2012ல 'ஆக்ஸிலராண்டோ', 2015ல 'பிரேக் ஸ்டஃப்', இதெல்லாம் அவங்கதான். அந்த ட்ரியோவுக்கு ரசிகர்கள் வெறியா இருந்தாங்க, நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான், புது ட்ரியோன்னு கேள்விப்பட்டதும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னா, பழைய ட்ரியோ ஒரே எஞ்சின் மாதிரி ஓடும், மூணு பேரும் ஒரே க்ரூவுக்குள்ள, அதாவது ஒரே தாள ஓட்டத்துக்குள்ள, பூட்டிக்கிட்டு இறுக்கிக்கிட்டே போவாங்க. புது ட்ரியோ அப்படி இறுக்காது. சோரி திடீர்னு சத்தத்தக் கொறச்சு வெறும் சிம்பல் தட்டோட ஓரத்த மட்டும் தொட்டுட்டு இருப்பார், லிண்டா கீழ அஸ்திவாரம் போடறத விட்டுட்டு மேல ஏறி பாட ஆரம்பிச்சிடுவாங்க, ஐயர் கொஞ்ச நேரம் கைய எடுத்துட்டு கேட்டுட்டு இருப்பார். காலி எடம் நெறைய.

சரி, ரெக்கார்டிங். 2019 டிசம்பர்ல எடுத்தது. எடம் ஆக்டேவன் ஆடியோங்கற ஸ்டூடியோ, மவுண்ட் வெர்னன்ல இருக்கு, நியூயார்க் சிட்டில ப்ராங்ஸ் முடிஞ்சதும் வடக்கால வர ஊர். எஞ்சினியர் ரயன் ஸ்ட்ரீபர். இந்த ஸ்டூடியோவ ஜாஸ்காரங்கள விட இன்னிக்கு எழுதப்படற கிளாசிக்கல் இசைய வாசிக்கறவங்கதான் அதிகமா தேடிப் போவாங்க, சேம்பர் மியூசிக், ஸ்ட்ரிங் குவார்ட்டெட், பியானோ சோலோ இந்த மாதிரி. எனக்கு இது முக்கியமான தகவலாப் படுது. ஏன்னா கிளாசிக்கல் எடுக்கற எஞ்சினியருக்கு வாத்தியத்தோட முழு சத்தமும் ரூம்ல எப்படி விரியுதுங்கறதுதான் மொதல் கவலை, பாப் எடுக்கறவருக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா பளிச்னு இருக்கணும்ங்கறது கவலை, ஜாஸ் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும்.

கொஞ்சம் வெவரமா சொல்றேன். பியானோ ட்ரியோவ ஸ்டூடியோல எடுக்க பொதுவா ரெண்டு வழி. ஒண்ணு, டிரம்ஸ ஒரு கண்ணாடி ரூம்ல, பேஸ இன்னொரு ரூம்ல, பியானோவ பெரிய ஹால்ல வெச்சிட்டு எல்லாருக்கும் ஹெட்ஃபோன் மாட்டி விடறது. சத்தம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்காது, பேஸ்ல ஒரு தப்பு வந்தா அந்த எடத்த மட்டும் சரி பண்ணலாம், மிக்ஸ்ல டிரம்ஸ மட்டும் ஏத்தலாம் இறக்கலாம். ஆனா வாசிக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் நேரா காதால கேக்காம ஹெட்ஃபோன்ல வர மிக்ஸத்தான் கேப்பாங்க, அதனால யார் எவ்வளவு மெதுவா வாசிக்கலாம்ங்கற கணக்கு தப்பிப் போயிடும். இன்னொரு வழி, மூணு பேரும் ஒரே ரூம்ல பக்கத்துப் பக்கத்துல. பியானோ மைக்ல டிரம்ஸ் கேக்கும், பேஸ் மைக்ல பியானோ கேக்கும், பின்னாடி ஒண்ணத் தொட்டா எல்லாம் ஆடும், எடிட்டிங்கும் பெருசா பண்ண முடியாது, டேக் நல்லா வந்தா வந்ததுதான். ஆனா பேலன்ஸ அவங்களே கையால பண்ணிடுவாங்க. நடுவுல தட்டி வெச்சு பாதி மறைக்கறது, கதவத் தொறந்து வெக்கறது, பியானோ மூடிய எந்த அளவு தூக்கறதுன்னு நூறு சமரசம் இருக்கு. எந்த வழில எடுத்தாலும் கடைசில காதுக்கு மூணு பேரும் ஒரே காத்துல இருக்கற மாதிரி தோணணும், அன்ஈஸில அது தோணுது.

இதுல பெரிய தலைவலி எதுன்னா பியானோவோட எடது கையும் டபுள் பேஸும். டபுள் பேஸோட கீழ் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ்ல பேசும், பியானோ அதுக்கும் கீழ 27.5 வரைக்கும் போகும். ரெண்டும் ஒரே எடத்துல அடிச்சா சேறு மாதிரி ஆயிடும், அதுல தோக்கறது எப்பவும் பேஸ்தான், ஏன்னா பியானோவுக்கு உள்ள இருக்கற சுத்தியல் வந்து அடிக்கற பலம் இருக்கு, பேஸுக்கு வெரல் மட்டும்தான். ஐயர் வேற அந்த கீழ்ப் பகுதிய ரொம்ப ஆசையா வாசிக்கறவர், சில எடத்துல இடி மாதிரி உருட்டுவார். அப்படியும் இந்த ஆல்பத்துல லிண்டாவோட ஒவ்வொரு நோட்டும் ஆரம்பம் முடிவோட கேக்குதுன்னா, மிக்ஸ் மட்டும் காரணமா இருக்க முடியாது. ஐயர் கீழ உருட்டும்போது லிண்டா மேல போயிடறாங்க, லிண்டா கீழ எறங்கும்போது ஐயர் எடது கைய எடுத்துடறார், சோரி காலால மிதிச்சு அடிக்கற கிக் டிரம்ம அந்த நேரம் பாத்து அடக்கி வாசிக்கறார். நாம நல்ல சவுண்டுன்னு சொல்றதுல பாதி வாசிக்கறவங்க செஞ்சதுதான். விலை அதிகமான ஸ்பீக்கர் வாங்கிட்டு அதுக்கு நன்றி சொல்றவங்க இத கொஞ்சம் யோசிக்கலாம்.

தயாரிப்பாளரா ஐயர் பேரும் மான்ஃப்ரெட் ஐஷர் பேரும் இருக்கு. ஐஷர்தான் இந்த ஆல்பத்த வெளியிட்ட இ.சி.எம். ரெக்கார்ட் கம்பெனிய 1969ல ம்யூனிக்ல ஆரம்பிச்சவர், இன்னிக்கும் அத ஓட்டறவர். அவரே ஒரு காலத்துல டபுள் பேஸ் வாசிச்சவர், பேஸ் சத்தம் மேல இ.சி.எம்.முக்கு இருக்கற அக்கறைக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்னு நானா ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கேன். இ.சி.எம். வழக்கம் என்னன்னா ரெண்டு நாள்ல எடுத்து மூணாவது நாள் மிக்ஸ முடிச்சிடறது, மாசக்கணக்கா நோண்டறது கெடையாது. இன்னொரு விஷயம், அவங்க சிடில மொதல் பாட்டுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் ஒண்ணுமே கேக்காது, பிளேயர் ரிப்பேர்னு நெனச்சு ரெண்டு தட்டு தட்டினவங்க உண்டு. இ.சி.எம்.னாலே ஆஸ்லோல ரெயின்போ ஸ்டூடியோல எடுத்த, பனி மூட்டத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி எதிரொலிக்கற சத்தம்தான் பலருக்கு ஞாபகம் வரும். அன்ஈஸி அந்தப் பழைய முத்திரைல இல்ல, என் காதுக்கு இது நல்லா வறண்டு, கிட்ட வந்து நிக்கற சத்தம், டிரம்ஸ்ல தோல் சத்தம் தோலாவே கேக்குது. பிரேக் ஸ்டஃப்ப நியூயார்க் அவடார் ஸ்டூடியோல ஜேம்ஸ் ஃபார்பர் எடுத்தார், அதையும் இதையும் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு போட்டுக் கேட்டுப் பாருங்க, அங்க பியானோவுக்கு சுத்தி இன்னும் கொஞ்சம் பளபளப்பு இருக்கும், இங்க அது கொறைவு. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு, சண்டைக்கு வரவங்க வரலாம்.

இப்ப பாட்டுங்க. மொத்தம் 10, ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும். எட்டு ஐயரோடது, அதுல 'டூபா' மட்டும் கவிஞர் மைக் லாட் கூட சேந்து எழுதினது. இதுல பல பேர் கவனிக்காத ஒண்ணு, நெறைய பாட்டுங்க இந்த ஆல்பத்துக்குன்னு புதுசா எழுதினது இல்ல. 'கான்ஃபிகரேஷன்ஸ்' 2001ல வந்த 'பனாப்டிக் மோட்ஸ்'லயே இருக்கு, அங்க ருத்ரேஷ் மகந்தப்பாவோட சாக்ஸஃபோனும் சேந்து நாலு பேரா வாசிச்சது. தலைப்புப் பாட்டு 'அன்ஈஸி' 2011ல கேரல் ஆர்மிடாஜ்ங்கற நடன அமைப்பாளரோட சேந்து பண்ணினது, செப்டம்பர் 11 தாக்குதல் முடிஞ்சு பத்து வருஷம் ஆன நேரம், வெளில எல்லாம் சரியா இருக்கற மாதிரி இருந்துட்டு உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம் ஓடற நாட்டப் பத்தினது. 'காம்பாட் ப்ரீதிங்' 2014ல ப்ரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்ல, கறுப்பின உயிர்களுக்காக ஊர் முழுக்க போராட்டம் நடந்துட்டு இருந்த சமயத்துல, மேடைலயே ஆளுங்க செத்தவங்க மாதிரி படுத்து எதிர்ப்பக் காட்டின நிகழ்ச்சிக்குப் பண்ணினது. அந்தத் தலைப்பு காலனி ஆதிக்கத்த எதிர்த்து எழுதின ஃபிரான்ட்ஸ் ஃபனான் அல்ஜீரியாவப் பத்தி எழுதினதுலேர்ந்து எடுத்தது, அடக்குமுறைல இருக்கறவன் விடற மூச்சே ஒரு போராட்டம்ங்கறது அவர் சொன்ன விஷயம். ஆக 20 வருஷத்துச் சரக்க எடுத்து புது ஆளுங்க கைல குடுத்து என்ன ஆகுதுன்னு பாத்ததுதான் இந்த ஆல்பம். எழுதினவருக்குப் பழகிப்போன பாட்டு, வாசிக்கற கூட்டணி புதுசு, அதனாலதான் இதுல பயிற்சியோட உறுதியும் இருக்கு, அடுத்து என்ன நடக்கும்னு தெரியாத துடிப்பும் இருக்கு.

மொதல் பாட்டு 'சில்ட்ரன் ஆஃப் ஃப்ளின்ட்'. ஃப்ளின்ட் மிச்சிகன் மாநிலத்துல இருக்கற, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்த ஊர், கார் தொழிற்சாலைங்க போனதும் நொடிஞ்சு போனது. 2014 ஏப்ரல்ல செலவக் கொறைக்கறேன்னு சொல்லி டெட்ராய்ட்லேர்ந்து வந்துட்டு இருந்த தண்ணிய நிறுத்திட்டு ஃப்ளின்ட் ஆத்துத் தண்ணிய விட்டாங்க, குழாய அரிக்காம இருக்கறதுக்கு போட வேண்டிய மருந்தப் போடல, பழைய ஈயக் குழாயெல்லாம் அரிச்சு ஈயம் கொழந்தைங்க ரத்தத்துல போய் சேந்துச்சு. தண்ணி கலங்கி நாறுதுன்னு ஜனங்க பாட்டில்ல புடிச்சுட்டு வந்து காட்டியும், ஒண்ணும் இல்லன்னே அதிகாரிங்க சொல்லிட்டு இருந்தாங்க, 2015 அக்டோபர்லதான் பழைய தண்ணிக்குத் திரும்பினாங்க. இவ்வளவு கோவமான விஷயத்துக்கு ஐயர் எழுதின பாட்டு கத்தல, ரொம்ப மென்மையா தொடங்குது. மொதல்ல தனி வயோலாவுக்கு ஒரு வடிவம் எழுதிட்டு அப்புறம் ட்ரியோவுக்குக் கொண்டுவந்தார். வரிகள் இல்லாத இசைல அரசியல் எங்க இருக்குன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான், தலைப்பு தெரியாம கேட்டா ஃப்ளின்ட் ஞாபகம் வரவே வராது. ஆனா தெரிஞ்சுக்கிட்டு கேட்டா அந்த மென்மைய வேற மாதிரி கேக்கத் தோணும். அதுக்கு மேல அந்தப் பாட்டுக்கு நான் பொறுப்ப ஏத்த மாட்டேன்.

மத்தவங்க பாட்டு ரெண்டு. ஒண்ணு கோல் போர்ட்டரோட 'நைட் அண்ட் டே', 1932ல ஒரு நாடகத்துக்கு எழுதின பாட்டு, அமெரிக்கால பாடாத ஆள் கெடையாது. ஐயர் புடிச்சது பாடகர்கள் பாடின வழிய இல்ல. 1964ல சாக்ஸஃபோன்காரர் ஜோ ஹெண்டர்சன் 'இன்னர் அர்ஜ்' ஆல்பத்துல பியானிஸ்ட் மெக்காய் டைனர், பாப் க்ரான்ஷா, எல்வின் ஜோன்ஸ் கூட சேந்து இதே பாட்ட வாசிச்சார், அந்த வழி. அத எஞ்சினியர் ரூடி வான் கெல்டர் தன்னோட ஸ்டூடியோல எடுத்தார், அவர் எடுத்த பியானோ எப்பவும் கொஞ்சம் பொட்டிக்குள்ள அடைச்ச மாதிரி கேக்கும், டைனரோட வாசிப்பு அந்தப் பொட்டியையே ஒடச்சுட்டு வெளில வரும். ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ரெக்கார்டிங் 55 வருஷத்துல எங்கேர்ந்து எங்க வந்திருக்குன்னும் புரியும், ஐயரோட எடது கை யார்கிட்ட கடன் வாங்கினதுன்னும் புரியும். அன்ஈஸி எடுத்து மூணு மாசத்துல, 2020 மார்ச்ல டைனர் காலமானார்.

இன்னொண்ணு ஜெரி ஆலனோட 'டிரம்மர்ஸ் சாங்'. ஜெரி ஆலன் டெட்ராய்ட்ல வளந்த பியானிஸ்ட், 2017ல 60 வயசுல போயிட்டாங்க. ஐயர் தலைமுறை பியானிஸ்ட்டுங்க பல பேர் அவங்களத்தான் வழிகாட்டியா சொல்லுவாங்க, ஆனா பொதுவா ஜாஸ் சரித்திரம் எழுதறவங்க அவங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கறதோட சரி. இந்தப் பாட்டுல சின்ன சின்ன தாளத் துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு பல்சக்கரம் மாதிரி கோத்துக்கிட்டு சுத்தும், யார் மெலடி யார் தாளம்னு பிரிக்கவே முடியாது. ஆல்பத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச ஏழு நிமிஷம் இதுதான். ஜாஸ் தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல, இங்கேர்ந்து ஆரம்பிங்க, நம்ம காதுக்கு தாளம்தான் சுலபமான வாசல்.

தாளம்னு வந்ததால ஒண்ணு. கர்நாடக சங்கீதம் தெரியலன்னீங்க, ராகத்துல தெரியாது சரி, ஆனா நடை மாத்தறது உங்களுக்குப் புரியும். ஒரே தாளத்த வெச்சுக்கிட்டு சதுஸ்ரத்துலேர்ந்து (நாலு நாலா) திஸ்ரத்துக்கோ (மூணு மூணா) கண்டத்துக்கோ (அஞ்சு அஞ்சா) போறோம் இல்ல, அந்த மாதிரி வேலைய இவங்க மூணு பேரும் அறிவிப்பே இல்லாம பண்ணுவாங்க, ஒருத்தர் பழைய நடைலயே இருக்க இன்னொருத்தர் புது நடைக்குத் தாவியிருப்பார், கொஞ்ச நேரம் ரெண்டும் ஒண்ணா ஓடும். ஐயருக்கு இதுல பழைய பித்து. ஹிஸ்டாரிசிடில ரானி ஃபாஸ்டரோட 'மிஸ்டிக் ப்ரூ' பாட்ட எடுத்து, பீட்ட 3, 5, 8, 13னு, முந்தின ரெண்டையும் கூட்டினா அடுத்தது வர மாதிரி போற ஃபிபனாச்சி எண்களோட விகிதத்துல பிரிச்சு இழுத்துப் பாத்தார். 5க்கு 3, 8க்கு 5ங்கற மாதிரி. காதுக்கு ஊஞ்சல் ஆடற மாதிரி ஸ்விங்காவும் இருக்கும், ஆனா எண்ணினா விரல் மாட்டிக்கும். அவரோட டாக்டரேட்லயே இந்த ஆராய்ச்சிதான், தாளம்ங்கறது மூளைல இருக்கற கணக்கு மட்டும் இல்ல, உடம்போட வேகத்துலேர்ந்து வர விஷயம், ஒரு நீளமான ஃப்ரேஸ் மூச்சோட அளவுல இருக்கு, பீட் நடையோட அளவுல இருக்கு, அதுக்குள்ள வர சின்ன நோட்டுங்க பேச்சோட வேகத்துலயும் விரலோட வேகத்துலயும் இருக்கு, பீட்டுக்கு நூலளவு முன்னாடியோ பின்னாடியோ விழற நோட்டுலதான் உயிரே இருக்குன்னு. 'காம்பாட் ப்ரீதிங்' கேக்கும்போது இத மனசுல வெச்சுக்கோங்க, அவர் மூச்சுன்னு சொல்றது சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

அந்தப் பாட்டு விஷயத்துல காலமும் ஒரு வேலை பண்ணிடுச்சு. எடுத்தது 2019 டிசம்பர், வந்தது 2021 ஏப்ரல் 9. நடுவுல கோவிட் வந்து உலகமே மூச்சுக்குத் திண்டாடுச்சு, 2020 மே மாசம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட போலீஸ்காரர் கழுத்துல முட்டி போட்டு அழுத்திக் கொன்னார். ஆல்பம் வந்தப்போ கேட்டவங்க எல்லாருக்கும் இது அந்த வருஷத்துக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு, விமர்சனம் எழுதினவங்க பாதிப்பேர் அப்படித்தான் எழுதினாங்க. உண்மைல மூணு பேரும் ஸ்டூடியோல வாசிக்கும்போது இது எதுவும் நடக்கல. பாட்டுங்க 2011, 2014ல நடந்ததப் பாத்து எழுதினது, அதே விஷயம் திரும்பத் திரும்ப நடக்கறதாலதான் எப்ப வெளியிட்டாலும் பொருந்துது.

எனக்குக் கொறைன்னு சொன்னா, 'ரெட்ரோஃபிட்' நல்லா வாசிச்சிருக்காங்கதான், ஆனா 'கான்ஃபிகரேஷன்ஸ்', 'அன்ஈஸி'ன்னு ரெண்டு கனமான பாட்டுக்கு அப்புறம் வரும்போது காது களைச்சுப் போயிருக்கும், ஒரு பாட்டு கொறைச்சிருந்தா ஆல்பம் இன்னும் நல்லா இருந்திருக்கும். நடுவுல 'ஆகரி'ன்னு தனி பியானோ ஒண்ணு வருது, மூணரை நிமிஷம்தான், மத்த ரெண்டு பேர் இல்லாம அவர் என்ன மாதிரி யோசிக்கறார்னு காட்டுது, அது இருக்கறதால அடுத்த பாட்டுல பேஸ் உள்ள வரும்போது நாம அத இன்னும் கவனிக்கறோம். அட்டைப் படம் சுதந்திர தேவி சிலை, சாம்பல் கலர்ல தூரத்துல மங்கலா, இவ்வளவு நேரடியா சொல்லியிருக்க வேண்டியதில்லன்னு தோணும், ஆனா கடைல நின்னு பாக்கறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்.

எப்படிக் கேக்கறதுன்னா, மொதல் தடவை சும்மா ஓட விடுங்க. ரெண்டாவது தடவை பியானோவ கண்டுக்காதீங்க, பேஸ மட்டும் தொடர்ந்து போங்க, 'டிரம்மர்ஸ் சாங்', 'டூபா', 'நைட் அண்ட் டே' மூணும் போதும். லிண்டா எங்க கீழ நிக்கறாங்க, எங்க மேல போறாங்கன்னு பாருங்க. போன் ஸ்பீக்கர்ல கேட்டா இது நடக்காது, 41 ஹெர்ட்ஸ் எல்லாம் அதுல வரவே வராது, சுமாரான வயர் ஹெட்ஃபோன் இருந்தாக்கூட போதும். மூணாவது தடவை சோரியோட சிம்பல் மட்டும், அவர் எவ்வளவு நேரம் அடிக்காம இருக்கார்ங்கறத கவனிங்க. நாலாவது தடவை பியானோவுக்கு வாங்க, அப்ப ஐயர் எதுக்கு பதில் சொல்லிட்டு இருக்கார்னு கேக்கும். இ.சி.எம். ஆல்பங்க 2017 நவம்பர்லேர்ந்து ஸ்ட்ரீமிங்ல இருக்கு, அதனால தேடி அலைய வேண்டியதில்ல, ஷஃபிள மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, வரிசை முக்கியம்.

புடிச்சுப் போச்சுன்னா அடுத்து 'கம்பாஷன்', 2024 பிப்ரவரில வந்தது, அதே மூணு பேர், அதே ஆக்டேவன் ஸ்டூடியோ, 2022 மே மாசம் எடுத்தது. அதுல ஸ்டீவி வொண்டரோட 'ஓவர்ஜாய்ட்' இருக்கு, சாக்ஸஃபோன்காரர் ராஸ்கோ மிட்செல்லோட 'நோனா' இருக்கு, கடைசிப் பாட்டுல இன்னொரு சாக்ஸஃபோன்காரர் ஜான் ஸ்டபிள்ஃபீல்டோட ஒரு பாட்டோட கோத்து 'டிரம்மர்ஸ் சாங்' மறுபடி வருது. ரெண்டு வருஷம் ஒண்ணா வாசிச்ச அப்புறம் அதே பாட்டு எப்படி தளர்ந்து சுதந்திரமா போகுதுன்னு கேட்டுப் பாருங்க, எனக்கு அதுல வர டிரம்மர்ஸ் சாங்க விட அன்ஈஸில இருக்கறதுதான் ஒரு பிடி மேல, கம்பாஷன் கட்சிக்காரங்க நெறைய பேர் இத ஒத்துக்க மாட்டாங்க.